நாலாவது இணைப்பு

என் மாமனாருக்கு என்னைப் பிடிக்காது என்று சொன்னால் அது பொய். வண்டியில் கை வைக்காத வரைக்கும் என்னை அவருக்கு ரொம்பப் பிடிக்கும். முப்பத்திரண்டு வருஷம் லாரி ஓட்டியவர். நான் ஃப்ரிட்ஜும் ஏசியும் பழுது பார்ப்பவன். கல்யாணமான நாளிலிருந்து அவருக்கு நான் ஐஸ்பெட்டி மாப்பிள்ளைதான். "ஐஸ்பெட்டி மாப்ள வந்திருக்காரு, சூடா எதையும் குடுத்துடாதீங்க, உருகிடப் போறாரு" என்று நாலு பேர் முன்னால் சொல்வார். எல்லாரோடும் சேர்ந்து நானும் சிரிப்பேன். உள்ளே பற்றிக்கொண்டு வரும்.

அந்த வாரம் அவர் கிண்டல் எதுவும் செய்யவில்லை. சேர்ந்தாற்போல் ரெண்டு வாக்கியம் பேச மூச்சு போதவில்லை.

அவருக்குச் சிறுநீரகம் ரெண்டும் கைவிட்டு ஒன்றரை வருஷம் ஆகிறது. திங்களும் வியாழனும் மலையைத் தாண்டி அந்தப் பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நாலு மணி நேரம் நாற்காலியில் சாய்ந்திருந்து, இயந்திரத்தில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வர வேண்டும். ஒன்பதரைக்கு நாற்காலி. பத்து வரைக்கும் காத்திருப்பார்கள். பத்தைத் தாண்டினால் வெளியே உட்கார்ந்திருப்பவருக்குக் கொடுத்துவிடுவார்கள். அதில் யாரையும் குறை சொல்ல முடியாது. பெஞ்சு நிறைய ஆட்கள் வீங்கிய காலோடு உட்கார்ந்திருப்பார்கள்.

அழைத்துப்போவது என் மனைவி. தொழிற்சாலைக்கு வேனில் ஆள் ஏற்றி இறக்குவதுதான் அவள் தொழில். ஓட்டக் கற்றுக்கொண்டது அப்பாவின் லாரியில். எனக்கு சைக்கிளைத் தவிர எதுவும் ஓட்ட வராது.

சனிக்கிழமை, முன்னால் போன ஜல்லி லாரியிலிருந்து ஒரு கல் தெறித்து வேனின் இன்டர்கூலரைக் கிழித்துவிட்டது. டர்போ அமுக்கி அனுப்பும் காற்று கொதிக்கக் கொதிக்க வரும். இன்ஜினுக்குள் போகுமுன் அதை ஆற வைப்பதுதான் இன்டர்கூலர். பார்க்க ரேடியேட்டர் மாதிரியே இருக்கும், உள்ளே தண்ணீருக்குப் பதில் காற்று ஓடும். புதுசு வர மூன்று வாரம் என்றார்கள். திங்கட்கிழமை அதைக் கழற்றிவிட்டு, நேராக ஒரு குழாயைப் போட்டு ஓட்டிப் பார்த்தோம். ஏற்றத்தில் கரும்புகை கக்கியது, சூட்டு முள் சிவப்பைத் தொட்டது. மூன்று இடத்தில் நிறுத்தி ஆறவிட்டுப் போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டு. நாற்காலி போய்விட்டது. கெஞ்சிக் கூத்தாடி சாயங்காலம் ரெண்டு மணி நேரம் வாங்கினோம். டாக்டர் என் மனைவியைத் தனியே கூப்பிட்டார்.

"வியாழக்கிழமை முழுசா நாலு மணி நேரம் ஓடியாகணும்மா. நுரையீரல்ல தண்ணி கட்ட ஆரம்பிச்சிருக்கு. இன்னொரு தடவை தவறிச்சுன்னா என் கையில எதுவும் இல்ல."

அடிவாரத்துப் பாலம் மழையில் போனதிலிருந்து எங்கள் பக்கம் பஸ் வருவதில்லை, பக்கத்தில் போட்ட மண்பாதையில் சின்ன வண்டிதான் போகும். ஆம்புலன்ஸை விபத்துக்குத்தான் அனுப்புவோம், நாள் குறித்துச் செய்யும் வைத்தியத்துக்கு அனுப்ப மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். மலை ஏறக்கூடிய வண்டி என்று தெருவில் இருந்தது எங்கள் வேன் மட்டும்தான்.

"நானே ஒரு இன்டர்கூலர் செஞ்சுடறேன்" என்றேன்.

மனைவி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். கட்டிலிலிருந்து மாமனார், "ஃப்ரிட்ஜா?" என்றார். ஒரு சொல்லுக்குத்தான் அவரிடம் மூச்சு இருந்தது, அதையும் இதற்குச் செலவழித்தார்.

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் ரோஷத்தால் மட்டும் செய்தேன் என்று சொன்னால் என்னை நானே அசிங்கப்படுத்திக்கொள்வதாகும். ராத்திரி முழுக்க அந்த மனிதர் தலையணையை மடியில் வைத்து, குனிந்து உட்கார்ந்தபடி மூச்சுக்கு அலைவதைப் பக்கத்து அறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தவன் நான். எனக்கு அவர் வேண்டும்.

ஏசியில் சூட்டை வெளியே விடும் கண்டென்சரையே மாட்டிவிடலாமே என்று ஒரு நிமிஷம் தோன்றியது. அதன் குழாய்கள் ரொம்பச் சன்னம். இன்ஜினுக்கு மூச்சு முட்டிவிடும். பழைய இரும்புக் கடையில் அரை நாள் கிளறி, எங்கோ மோதி நொறுங்கிய ஒரு சின்ன லாரியின் இன்டர்கூலரைக் கண்டுபிடித்தேன். ஒரு பாதி நசுங்கிக் கிடந்தது, மறு பாதி முழுசாக இருந்தது. நல்ல பாதியை அறுத்து எடுத்து வந்து, ரெண்டு பக்கமும் அலுமினியத் தகட்டில் பெட்டி செய்து பற்றவைத்தேன். அலுமினியத்தைப் பற்றவைப்பது சுலபமில்லை. சூடு ஒரு நொடி கூடினால் ஓட்டை விழுந்துவிடும். எனக்கு விழவில்லை. குளிர்பதனக் கிடங்குகளில் பதினாறு வருஷம் அதே வேலை பார்த்த கை இது.

பெட்டி செய்வதில் பெரிய வித்தை இல்லை. வித்தை எல்லாம் இணைப்பில். டர்போவின் வாய் ஒன்று, இன்டர்கூலருக்குள் நுழைவது ஒன்று, வெளியே வருவது ஒன்று, இன்ஜினின் வாய் ஒன்று என்று மொத்தம் நாலு. ஒவ்வொரு இடத்திலும் உலோகக் குழாயின் மேல் ரப்பர் ஹோஸைச் செருகி, கிளாம்பு போட்டு இறுக்க வேண்டும். குழாய் வழவழவென்று இருந்தால் உள்ளே வரும் காற்று ஹோஸைத் தள்ளிக் கழற்றிவிடும். அதனால் குழாய் முனையில் மோதிரம் மாதிரி சுற்றிலும் ஒரு மேடு பற்றவைப்பார்கள். ஹோஸ் அந்த மேட்டைத் தாண்டி ஏறி, மேட்டுக்குப் பின்னால் கிளாம்பு இறுகினால் இழுத்தாலும் வராது. இதெல்லாம் எனக்குத் தெரியாமல் இல்லை. நாலுக்கும் மேடு வைத்தேன்.

புதன்கிழமை சாயங்காலம் வண்டியில் மாட்டியபோது, இன்ஜின் பக்கம் போகும் நாலாவது குழாய் ஒரு அங்குலம் நீண்டுபோய் விசிறியின் கூட்டில் இடித்தது. அறுத்தேன். அறுத்ததோடு மேடும் போய்விட்டது. திரும்ப மேடு வைக்க எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். கழற்றினால் வாசலில் நின்றுகொண்டிருந்த மனைவி என்ன ஆச்சு என்று கேட்பாள். கட்டிலிலிருந்தும் ஒரு சொல் வரும். விட்டுவிட்டேன்.

இடமும் குறுகல், ஹோஸ் குழாயின் மேல் ஏறவே இல்லை. அங்கேதான் என் கை தன் பழக்கத்தைக் காட்டியது. எங்கள் தொழிலில் செப்புக் குழாயை இணைக்கும்போது, மரையை இறுக்குமுன் குழாயின் விரிந்த வாயில் ஒரு சொட்டு காம்ப்ரசர் எண்ணெய் தடவுவோம். தடவினால்தான் வாய் பிசகாமல் உட்காரும், கசியாது. பதினாறு வருஷமாகத் தடவி வருகிறேன். அன்றைக்கும் தடவினேன். ஹோஸ் வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. கிளாம்பை இறுக்கினேன். டர்போ கொடுப்பதைப்போல் ரெண்டு மடங்கு காற்றை உள்ளே அடைத்து, நாலு இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தெளித்துப் பார்த்தேன். ஒரு குமிழி வரவில்லை.

"எல்லாம் சரியா இருக்கா?" என்றாள் மனைவி.

"கல்லு மாதிரி இருக்கு."

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்குக் கிளம்பினோம். மாமனார் முன் சீட்டில், டாஷ்போர்டில் ரெண்டு கையையும் ஊன்றிக் குனிந்து உட்கார்ந்திருந்தார். சாய்ந்தால் மூச்சு நின்றுவிடுமோ என்ற பயம் அவருக்கு. நான் பின்னால் என் கருவிப் பையோடு இருந்தேன்.

வண்டி ஏறியது. சொன்னால் நம்ப மாட்டீர்கள், பழைய இன்டர்கூலர் இருந்தபோதுகூட அப்படி ஏறியதில்லை. முள் பாதியிலேயே நின்றது, புகை இல்லை. எட்டாவது வளைவில் மனைவி கண்ணாடியில் என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினாள். நான் பெரிய மனுஷன் மாதிரி வெளியே வேடிக்கை பார்த்தேன். மனசுக்குள் மாமனாருக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் அடுக்கிக்கொண்டிருந்தேன்.

பதினான்காவது வளைவைத் தாண்டி, மலையிலேயே செங்குத்தான ஏற்றத்தில், டயர் வெடித்த மாதிரி ஒரு சத்தம் கேட்டது. அதோடு புஸ்ஸென்று காற்று போகும் ஓசை. வண்டி திணறியது. மனைவி முதல் கியருக்கு மாற்றி மிதித்தாள், பின்னால் கரும்புகை எழுந்ததே தவிர வண்டி ஏறவில்லை. ஓரம்கட்டிக் கைப்பிரேக்கை இழுத்தாள். நான் இறங்கிச் சக்கரத்துக்குக் கல் வைத்தேன். அவள் பானெட்டைத் திறந்தாள்.

நாலாவது ஹோஸ் கழன்று தொங்கியது. குழாயின் முனை எண்ணெயில் மினுமினுத்தது. கிளாம்பு இறுகியது இறுகியபடி ஹோஸின் மேலேயே இருந்தது.

பார்த்த மாத்திரத்தில் எனக்கு விளங்கிவிட்டது. வீட்டு வாசலில் வண்டி அசையாமல் நின்றது, குழாய் குளிர்ந்திருந்தது, அதனால் தாங்கியது. இங்கே இன்ஜின் குலுங்குகிறது, சூட்டில் எண்ணெய் இளகுகிறது. பிடித்துக்கொள்ள மேடும் இல்லை. ஹோஸ் வளைவுக்கு வளைவு நழுவி நழுவி வந்திருக்கிறது. ஃப்ரிட்ஜ் குழாயைக் குலுக்குவது யார்? எனக்கு அது தோன்றவே இல்லை.

"என்ன ஆச்சு?" என்றாள்.

"கிளாம்பு. கடைக்காரன் மட்டமான சரக்கைக் குடுத்துட்டான்" என்றேன். அதோடு நிற்கவில்லை. "நீயும் அந்த வளைவுல அவ்வளவு மிதிச்சிருக்கக் கூடாது."

"மிதிக்காம எப்படிங்க ஏறும்?"

"சரி சரி, தள்ளு. ரெண்டு நிமிஷ வேலை."

அவளுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டேன். பழந்துணியால் குழாயைத் துடைத்தேன். மேலே இருந்த எண்ணெய் போனது, ரப்பருக்குள் ஊறியது போகவில்லை. விரலை உள்ளே விட்டால் வழுக்கியது. குழாய் கொதித்தது, விரல் நுனிகள் பொசுங்கின. ஹோஸைச் செருகிப் பலம் கொண்ட மட்டும் கிளாம்பை முறுக்கினேன். "போட்டுப் பாரு" என்றேன். அவள் வண்டியைக் கிளப்பி நின்ற இடத்திலேயே ஆக்சிலேட்டரை அழுத்தினாள். என் கண்ணெதிரே, இறுகிய கிளாம்போடு சேர்ந்து ஹோஸ் அரை விரற்கடை வெளியே வந்தது.

கையைக் காட்டி நிறுத்தச் சொன்னேன். அவள் தலையை வெளியே நீட்டினாள்.

"இன்னும் கொஞ்சம் இறுக்கினா போதுமா?"

போதும் என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. இறுக்கிவிட்டு ஏறினால் இன்னும் ரெண்டு வளைவுக்குத் தாங்கும், பிறகு கழலும், அப்போதும் கடைக்காரனைச் சொல்லலாம். இதையெல்லாம் நான் நிஜமாகவே யோசித்தேன். யோசித்தபடி முன் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தேன். மாமனாரின் உதடு நீலம் பாரித்திருந்தது. வாயைத் திறந்து, கழுத்து நரம்பு புடைக்க, ஒவ்வொரு மூச்சையும் கையால் பிடித்து இழுக்கிற மாதிரி இழுத்துக்கொண்டிருந்தார். அவர் என்னைப் பார்க்கவில்லை. யாரையும் பார்க்கிற நிலையில் அவர் இல்லை.

"போதாது" என்றேன். "கிளாம்பு மேல தப்பில்ல. நேத்து அந்தக் குழாயை அறுத்தேன், மேடு போயிடுச்சு. உன்கிட்ட சொல்லல. ஹோஸ் ஏறலைன்னு எண்ணெய் வேற தடவினேன். எண்ணெய் இருக்கிற வரைக்கும் அது நிக்காது."

அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். இறங்கி, அப்பாவின் ஆஸ்பத்திரிப் பையைத் திறந்து, ஊசி போடுமுன் கையைத் துடைக்க வைத்திருந்த ஸ்பிரிட் பாட்டிலையும் பஞ்சையும் எடுத்து வந்து என் முன்னால் வைத்தாள்.

"இது எண்ணெயை எடுக்குமா?"

"எடுக்கும்."

குழாயை மூன்று முறை துடைத்தேன். ஹோஸின் உட்புறத்தைப் பஞ்சு கறுக்காமல் வெள்ளையாகவே வரும் வரை துடைத்தேன். பிறகு மேட்டுக்கு வழி பார்த்தேன். அரத்தால் குழாயைச் சுற்றி ஒரு சின்னப் பள்ளமாகக் காடி இழுத்து, பையிலிருந்த செப்புக் கம்பியை அந்தக் காடியில் மூன்று சுற்றுச் சுற்றி, குறட்டால் முறுக்கி, முறுக்கிய முனையைத் தட்டிப் படியவைத்தேன். ஸ்பிரிட் பட்ட ரப்பர் இப்போது குழாயின் மேல் ஏற மறுத்தது. ஏற மறுப்பதைப் பார்க்க எனக்கு ஆறுதலாக இருந்தது. அவள் முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கமிருந்து தள்ள, நான் இந்தப் பக்கமிருந்து திருக, கம்பியைத் தாண்டி ஹோஸ் ஏறியது. கம்பிக்குப் பின்னால் கிளாம்பை இறுக்கினேன். இன்ஜின் குலுங்கும்போது குழாய் விலகாமலிருக்க, மிச்சக் கம்பியை நாலாக மடித்துக் குழாயையும் இன்ஜினையும் சேர்த்து இழுத்துக் கட்டினேன்.

மறுபடி ஏறினோம். ஒவ்வொரு வளைவிலும் இதோ வெடிக்கும், இதோ வெடிக்கும் என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். வெடிக்கவில்லை. உச்சியைத் தாண்டியதும் இறக்கத்தில் அவள் பிரேக்கைத் தொட்டதாகவே எனக்கு நினைவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் சக்கர நாற்காலியில் ஏற்றி, நான் தள்ளிக்கொண்டு ஓட, அவள் முன்னால் ஓடிக் கதவைத் திறந்தாள். உள்ளே சுவர்க் கடிகாரத்தில் பத்து அஞ்சு. அவருடைய நாற்காலியில் வேறொருவர் சாய்ந்திருந்தார். குழாயில் ரத்தம் ஓடத் தொடங்கியிருந்தது.

"இப்பத்தான் ஏத்தினேன்க்கா" என்றாள் நர்ஸ். அவள் முகமும் வாடிவிட்டது. "பத்து ஆனதும் ரெண்டு நிமிஷம் வாசலையே பாத்துக்கிட்டு நின்னேன். ஏத்தினதைக் கழட்ட முடியாது."

டாக்டர் வந்தார், ஸ்டெதஸ்கோப்பை முதுகில் வைத்துக் கேட்டார், ஆக்சிஜன் மாட்டச் சொன்னார், ஒரு ஊசி போட்டார். அடுத்த நாற்காலி ரெண்டு மணிக்குத்தான். "அதுவரைக்கும் தாங்கினா பொழைச்சிடுவாரு" என்று மனைவியிடம் சொன்னார்.

நாலு மணி நேரம். அவரால் படுக்க முடியாது, சாய முடியாது. கட்டில் விளிம்பில் உட்காரவைத்து, நான் எதிரே ஸ்டூல் போட்டு, என் தோளில் அவர் நெற்றியைத் தாங்கிக்கொண்டேன். ஒவ்வொரு மூச்சும் என் கழுத்தில் சூடாகப் பட்டது. ரெண்டு மூச்சுக்கு நடுவில் கொஞ்சம் தாமதமானாலும் மனசுக்குள் எண்ணத் தொடங்கிவிடுவேன். பதினொன்றரை வாக்கில் அவர் முகமூடியைக் கையால் விலக்கினார்.

"மாப்ள."

"பேசாதீங்க மாமா. மூக்குல வையுங்க."

"வண்டி... நல்லா... ஏறுச்சு."

பத்து வருஷமாக அவர் வாயிலிருந்து இப்படி ஒன்று வராதா என்று காத்துக் கிடந்தவன் நான். அந்த நேரத்தில் அவர் என்னைச் செருப்பால் அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். முகமூடியைத் திரும்ப வைத்துவிட்டேன். கண்ணில் தண்ணீர் வழிந்தது, துடைக்கக் கை ஒழியவில்லை.

ஒன்று நாற்பதுக்கு அவர் தலை என் தோளில் கனத்தது. கூப்பிட்டால் பதில் இல்லை. நர்ஸ் ஓடிவந்து கன்னத்தைத் தட்டி எழுப்பினாள். முதல் நாற்காலி காலியான உடனே, துடைத்து முடிக்கும் முன்பே, அவரைக் கொண்டுபோய் உட்காரவைத்தார்கள். இயந்திரம் ஓடத் தொடங்கியது. முக்கால் மணி நேரம் கழித்துத்தான் உதட்டின் நீலம் குறைந்தது. மூன்று மணிக்கு, நாலு நாளில் முதல்முறையாகப் பின்னால் சாய்ந்து, வாயை மூடிக்கொண்டு தூங்கினார்.

வெளியே பெஞ்சில் வந்து உட்கார்ந்தோம். மனைவி தன் உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள். முந்தானையைச் சுற்றியும் கை கொப்புளம் போட்டிருந்தது.

"எண்ணெய் போட்டதுக்கு எனக்குக் கோவம் இல்லீங்க" என்றாள். "உங்க வேலையில அதுதான் வழக்கம். தெரியாம செஞ்சீங்க."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"நான் பானெட்டைத் திறந்தப்ப மணி எட்டு நாப்பது. நீங்க என்கிட்ட சொன்னப்ப எட்டு நாப்பத்தேழு." குரல் உயரவே இல்லை. "நாம அஞ்சு நிமிஷம் லேட்டுங்க."

அவள் கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், எனக்கு அதுதான் தெரியும். அவள் கத்தவில்லை. எழுந்து வேன் சாவியை எடுத்தாள்.

"வாங்க. அப்பா இறங்குறதுக்குள்ள அந்த இணைப்பை ஒரு தடவை பாத்துடலாம். நானும் கூட நிக்கறேன். என்ன செய்யறீங்களோ, என்ன பாக்கறீங்களோ, ஒண்ணு விடாம வாய்விட்டுச் சொல்லுங்க."

வெயிலில் நின்ற வேனின் பானெட்டைத் தூக்கினேன். அவள் என் தோளை ஒட்டி நின்றாள். முதல் இணைப்பில் விரலை வைத்து ஆரம்பித்தேன்.

"முதல் இணைப்பு சரியா இருக்கு. ரெண்டாவதும் மூணாவதும் அசையல. நாலாவதுல ஹோஸ் கால் அங்குலம் நகர்ந்திருக்கு. இழுத்துக் கட்டின கம்பியில நாலு இழையில ஒண்ணு அறுந்து போச்சு. என்கிட்ட வேற கம்பி இல்ல."

"சரி" என்று சொல்லிவிட்டு, கம்பி கிடைக்குமா என்று கேட்க அவள் எதிர்க் கடைக்கு நடந்தாள்.